செட்டில் ஆகப் பதினொரு விநாடி

1

வாசகப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. நிற்பவர்கள் அப்படியே நிற்கலாம். உட்கார்ந்திருப்பவர்கள் குறைந்தபட்சம் கால்மேல் போட்ட காலை இறக்கிக்கொள்ளலாம். எள்ளைவிடச் சிறிய ஒரு சிப்புக்குள் உண்டாகும் சூட்டைப் பற்றிய சிறுகதை இந்தப் பக்கத்தில் தொடங்குகிறது. நம்மிடம் காதலுக்குக் கதை உண்டு, சாவுக்கு உண்டு, காணாமல் போன மாட்டுக்குக்கூட உண்டு. சேனல் மாறும் லேசரின் வெப்ப மேலாண்மைக்கு இல்லை. இப்படி ஒரு குறையை வைத்துக்கொண்டு ஒரு மொழி எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நானும் கவலைப்பட்டதில்லை. தங்கை போன் செய்தாள், அதனால் எழுதுகிறேன்.

கதையின் பூர்வீகம் அவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய இடைவேளையில் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீதான வார்த்தையோட மல்லுக்கட்டுற ஆளு. ஒண்ணு செட்டில் ஆயிருச்சுன்னு எப்ப சொல்லலாம்?"

"கல்யாணம் பண்ணி, வீடு கட்டி, சுகர் வந்ததும் சொல்லலாம்."

அவள் சிரிக்கவில்லை. என் மட்டமான ஜோக்குகளுக்குச் சிரிப்பதில் அவளுக்கு நாற்பது வருட அனுபவம் உண்டு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அப்போதுதான்.

"மனுஷன் இல்லண்ணா. பொருள்."

"பொருள்னா, அசையாம நின்னா செட்டில்."

"அசையலன்னு யாரு சொல்லணும்? அதுவே சொன்னாப் போதுமா, இல்ல வெளிய இருந்து யாராவது பாக்கணுமா?"

பதில் சொல்வதற்குள் "சரி, மணி ஆச்சு" என்று வைத்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "ஒளியே அண்டத்தின் ஆதி மொழி, அந்த மொழியின் மௌன வெளிகளில்..."

(கைவிடப்பட்டது. இப்படி எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்தே இருபது வருடமாகப் பத்திரிகையில் காலம் தள்ளுகிறேன்.)

இரண்டாவது தொடக்கம்: "சோதனை மேசையில் சிவப்பு ஒளி துடித்தது. அவள் கண்களில் நீர் திரையிட..."

இதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"நான் எப்ப அழுதேன்?"

"கதைக்குத் தேவைப்படுது."

"தேவைப்பட்டா நீ அழு. அப்புறம், அது சிவப்பு இல்ல. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. கண்ணுல பட்டுச்சுன்னா நான் லேப்ல இருக்க மாட்டேன், கண்ணாஸ்பத்திரியில இருப்பேன்."

மூன்றாவது தொடக்கத்தை அவளே சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். நீங்கள் வெளியூரில் இருக்கும் மகளோடு வீடியோவில் பேசுகிறீர்கள். உங்கள் முகம் முடி அளவுள்ள ஒரு கண்ணாடி இழைக்குள் ஒளியாக ஓடுகிறது. அதே இழையில் மொத்தம் தொண்ணூற்றாறு ஒளிகள் ஓடும். ஒவ்வொன்றும் நூலிழை வித்தியாசத்தில் ஒரு நிறம், ஒவ்வொரு நிறமும் ஒரு சேனல். பெரிய சாலையில் கோடு போட்டுப் பிரித்த தடங்களைப் போல. என் தங்கை சோதிக்கும் லேசர் எந்தத் தடத்துக்கு வேண்டுமானாலும் மாறும். மாற்றுவது எது? சூடு. சிப்பின் மேல் குட்டிக் குட்டிச் சூடேற்றிகள் இருக்கின்றன. அவற்றின் சூட்டைக் கூட்டிக் குறைத்தால் நிறம் நகரும். ஆக, சூடுதான் ஸ்டியரிங்.

சிக்கல் என்னவென்றால், சூடு வைத்த இடத்தில் உட்காராது. பக்கத்தில் பரவும். நாலு டிகிரி தப்பினால் லேசர் அடுத்தவன் தடத்தில் போய் நிற்கும். அதனால் சிப்புக்குக் கீழே ஒரு குளிர்விப்பான், அதையொட்டிச் சூட்டை அளக்க ஒரு சென்சர். தடம் மாறும்போது லேசரின் வாயை மூடிவிடுவார்கள். செட்டில் ஆனதும் திறப்பார்கள். அவசரப்பட்டுத் திறந்தால், நகர்ந்துகொண்டே இருக்கும் ஒளி பக்கத்துத் தடத்தில் உரசும். உங்கள் மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணி உறைந்து போவாளே, அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

(ஓரக்குறிப்பு: சிப்பில் இன்னொரு சூடேற்றியும் உண்டு. அது ஒளியைத் தொடாது, எந்த வேலையும் செய்யாது. பக்கத்திலிருப்பது சூடானால் இது ஆறும். பக்கத்திலிருப்பது ஆறினால் இது சூடாகும். மொத்தச் சூடு மாறாமல் பார்த்துக்கொள்வதே அதன் பிழைப்பு. இதைக் கேட்டதும் "உன் வீட்டுக்காரர் மாதிரியா?" என்றேன். "அவர் அவ்வளவு துல்லியம் இல்ல" என்றாள்.)

3

அங்கதம் எழுதுகிறவனுக்குக் காற்றடித்த ஓர் ஆள் தேவை, ஊசி குத்துவதற்கு. தங்கையின் மேலாளர் எனக்கு அளவெடுத்துத் தைத்தது போலக் கிடைத்தார். பதவி: வெப்பத் தீர்வுகள் பிரிவின் முதுநிலைத் துணைத் தலைவர். சோதனை அறையில் அவருக்குப் பெயர் ஸ்லைடு சார். காலை வணக்கத்தைக்கூட மூன்று குறிப்புகளாகப் பிரித்துச் சொல்வார் என்று கேள்வி. அவருடைய புகழ்பெற்ற ஸ்லைடு ஒன்றில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும், ஒரு கை நெருப்பாக ஒளிரும். கீழே வாசகம்: "வெப்பம் நம் எதிரி அல்ல. நம் பங்குதாரர்."

இன்னொரு கைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்டதில்லை.

தங்கை விஷயத்தை முழுசாகச் சொல்லும் முன்பே அவருக்கு நான் வசனம் எழுதி வைத்துவிட்டேன்:

"இந்த உண்மை இந்த நாலு சுவரைத் தாண்டக் கூடாது," என்று மேசையில் ஓங்கித் தட்டினார் ஸ்லைடு சார். அவர் மோதிரம் பளபளத்தது. "நாட்டின் தகவல் தொடர்பே நம் கையில்..."

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும். அவர் மோதிரம் போடுவதில்லையாம். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று ஆறாம் பகுதியில் வருகிறது.)

4

சோதனை அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆறு மேசைகள், தரையில் மஞ்சள் கோடுகள், ஒன்றோடொன்று சண்டை போடும் இரண்டு ஏசிகள். ஒவ்வொரு லேசரையும் சோதித்து ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பதினான்காம் கேள்வி: இரண்டு விநாடிக்குள் செட்டில் ஆனதா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றில் டிக்.

ஒளி நகர்கிறதா என்று ஒளியை அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு மீட்டர் உண்டு. கட்டிடத்துக்கே ஒன்றுதான், அதுவும் பக்கத்து அறையில். நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் யாரோ செய்முறைத் தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்: "தற்காலிகமாக, சென்சர் எண் அசையாமல் நின்றால் செட்டில் எனக் கொள்ளலாம்." அன்றிலிருந்து எல்லோரும் அப்படியே கொண்டார்கள்.

என் தங்கையும் அந்த அறைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. காண்ட்ராக்ட். வருடாவருடம் நீட்டிப்பு. அந்த நிறுவனத்தில் இந்த ஆறு வருடத்தில் பெர்மனன்ட் ஆனது அந்தத் தற்காலிக வரி மட்டும்தான்.

இந்த வருடம் கதை வேறு. வாங்கப்போகும் நிறுவனத்தின் ஆட்கள் வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் லேசர்கள் சந்தைக்குப் போகும், தங்கை பெர்மனன்ட் ஆவாள். கடிதம் டைப் செய்து தயாராக இருப்பதாக ஸ்லைடு சாரே சொல்லியிருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

அந்த வாரம் திங்கட்கிழமை பக்கத்து அறைக்குப் பெயின்ட் அடித்தார்கள். மீட்டரைத் தூக்கிவந்து தங்கையின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். சும்மா கிடக்கிறதே என்று ஒரு லேசரை அதில் மாட்டினாள்.

தடம் மாற்றினாள். இரண்டாவது விநாடியில் சென்சர் 25.00 என்றது, அசையவில்லை. லேசர் வாயைத் திறந்தது. மீட்டரில் ஒளி நடந்துகொண்டிருந்தது. மூன்று, நாலு, ஐந்து. பக்கத்துத் தடத்தை நோக்கிக் கால்வாசி தூரம் போய், தயங்கி, திரும்பி, பதினோராவது விநாடியில்தான் தன் இடத்தில் நின்றது. வேறொன்றை மாட்டினாள். அதுவும் பதினொன்று. சாயங்காலத்துக்குள் நாற்பதை மாட்டிப் பார்த்துவிட்டாள்.

சென்சர் பொய் சொல்லவில்லை. அது குளிர்விப்பானை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. ஃபேனுக்கு நேர்கீழே படுத்திருப்பவனிடம் "வீட்ல புழுக்கமா இருக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வான்?

அதுவரை "ஆம்" என்று டிக் போட்ட படிவங்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. "எல்லாத்துலயும் என் கையெழுத்துண்ணா" என்றாள்.

(இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஞாயிறுதோறும் நான் அவளை "நல்லா இருக்கியா?" என்று கேட்பதும், அவள் "நல்லா இருக்கேன்" என்பதும், நான் அதை 25.00 என்று குறித்துக்கொள்வதுமாக. படித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. உடனே நீக்கிவிட்டேன். என் தொண்டைக்கு நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?)

5

புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அந்த மாதிரியின் மேல் பல் கட்டுவார். நகக்கண்ணில் இருந்த பிளாஸ்டரைச் சுரண்டிக்கொண்டே கதவைத் திறந்தார்.

"வாங்க மச்சான். ரெண்டு நாளா இவ சாப்பாட்டுல உப்பு இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல. அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன், ஆபீஸ்ல ஏதோ நடந்திருக்குன்னு."

"சமையல் நீங்களா?"

"அதான் உப்பு இல்லன்னு சொல்றேன்ல."

தங்கை மீட்டரில் எடுத்த கிராஃபைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருந்தாள். அவர் அதை ஒரு தட்டால் மூடினார்.

"வெள்ளிக்கிழமை கழியட்டும்மா. லெட்டர் கைக்கு வரட்டும். அப்புறம் திங்கட்கிழமை கண்டுபிடிச்சேன்னு சொல்லிரு."

"திங்கட்கிழமைதான் கண்டுபிடிச்சேன்."

"வர்ற திங்கட்கிழமை."

நானும் தலையாட்டினேன். இதைக் கதையில் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஊரில் யார் எதை மூடி மறைத்தாலும் வாராவாரம் கிழிகிழி என்று கிழிக்கிறவன் நான். தங்கையின் லெட்டர் என்றதும் தலை தானாக ஆடிவிட்டது. ஆடியது ஆடியதுதான்.

அவள் தட்டை நகர்த்தினாள்.

"ஏங்க, பிளாஸ்டர் ஊத்திட்டு எப்ப அச்சுல இருந்து எடுப்பீங்க?"

"செட் ஆனதும்."

"செட் ஆயிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மேல தொட்டா காஞ்சிருக்கும்."

"உடனே எடுத்துருவீங்க?"

மாப்பிள்ளை நகத்தைப் பார்த்தார். அவருக்கு மாட்டிக்கொண்டது புரிந்துவிட்டது.

"எடுக்க மாட்டேன். உள்ள சூடா இருக்கும். ஆறாம எடுத்தா பிச்சுக்கும். பல்லு பொருந்தாது."

"அவசரம்னு எடுத்துக் குடுத்ததே இல்லையா?"

"ஒரு தடவ குடுத்தேன். ஒரு வாத்தியாரு. மூணு மாசம் ஒருபக்கமா மென்னுக்கிட்டு இருந்தாரு, பாவம். தன் வாயிலதான் கோளாறுன்னு நெனச்சுட்டாரு. நானும் ஒண்ணும் சொல்லல."

நான் தண்ணீர் குடித்தேன்.

"சரி, போய்ச் சொல்லிரு," என்றார் மாப்பிள்ளை.

"லெட்டர் வராது."

"ஆறு வருஷமா வரல. வராம இருக்கிறது எனக்குப் பழகிருச்சு. வந்தாதான் என்ன பண்றதுன்னு தெரியாது."

6

வியாழக்கிழமை அவள் ஸ்லைடு சாரின் அறைக்குப் போனாள். நான் வீட்டில் என் வசனத்தோடு தயாராக இருந்தேன். மோதிரத்தை மட்டும் எடுத்துவிட்டு, மேசைத் தட்டலை வைத்திருந்தேன். நடந்ததை அவள் சொன்னபடியே தருகிறேன், எனக்கு இஷ்டமில்லாமல்.

அவர் கிராஃபைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை விநாடி?"

"பதினொண்ணு சார்."

"எத்தனை பீஸ்ல?"

"நாப்பதுலயும்."

"எதை வெச்சு ஆம்னு டிக் பண்ணீங்க?"

செய்முறைத் தாளை நீட்டினாள். அடியில் இருந்த பேனா வரியை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"இது யார் எழுத்துன்னு தெரியுமா?"

"தெரியாது சார். நான் சேரும்போதே இருந்துச்சு."

"என்னோடது. இப்ப நீங்க வேலை செய்ற மேசை அப்ப என்னோடது. மீட்டர் கெடைக்கவே கெடைக்காது. ரெண்டு வாரத்துக்குன்னு நெனச்சு எழுதினேன். அப்புறம் என்னை மேல் பதவியில போட்டுட்டாங்க. மறந்துட்டேன்."

அவர் பேச்சில் அதற்குமேல் எதுவும் இல்லை. தலைப்பு இல்லை, குறிப்பு இல்லை. கடைசியில் அவர் கேட்டாராம்:

"நாளைக்கு அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

"நான் சொல்றேன் சார். அளந்தது நான்தான்."

"அந்த வரி என்னோடதுன்னு நான் சொல்லிக்கிறேன்." பிறகு, "உங்க லெட்டர் நாளைக்குக் கையெழுத்தாக வேண்டியது," என்றார்.

"தெரியும் சார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. காற்றடித்து வைத்த மனிதன் ஊசியோடு நான் போவதற்குள் தானே காற்றை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இனி இந்தக் கதைக்கு வில்லன் யார்? பெயின்டரா?

"மேசையத் தட்டலையா?" என்றேன் போனில்.

"தட்டல."

"குரலாவது?"

"அண்ணா, அவரு பாவம். கண்ணாடியத் தொடச்சுக்கிட்டே இருந்தாரு. ஏழு தடவ."

"ஏழுன்னு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன். அளக்கறதுதான என் வேலை."

அன்று மதியம் முதுநிலைத் துணைத் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார். வேலையில்லாத அந்தச் சூடேற்றியைச் சொன்னேனே, அதை இருவரும் திருப்பித் திருப்பிச் சரிசெய்து பார்த்தார்கள். பதினொன்று ஒன்பதானது. ஒன்பது ஏழானது. ஆறு மணிக்கு ஆறில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. நான் எழுதியிருந்தால் இரண்டுக்கு வந்திருக்கும். வன்பொருளுக்குக் கதை தெரியாது.

7

வெள்ளிக்கிழமைக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

(அ) தங்கை உண்மையைச் சொல்கிறாள். வந்தவர்களில் நரைத்த தலை ஒன்று மெல்ல எழுந்து கைதட்ட, அறையே எழுந்து... (யாரும் எழுந்து நிற்கவில்லை. நாற்காலிகள் சக்கரம் வைத்தவை, எழுந்தால் பின்னால் ஓடிவிடும்.)

(ஆ) தங்கை உண்மையைச் சொல்கிறாள். வந்தவர்கள் கோப்பை மூடிவிட்டுப் போகிறார்கள். அவள் தன் மேசையைக் காலி செய்து, பெட்டியோடு மழையில்... (பெட்டியில் என்ன வைப்பாள் என்று கேட்டேன். "ஒரு டப்பா, ஒரு ஸ்வெட்டர்" என்றாள். சோகத்துக்குப் போதாது.)

(இ) கடைசி நொடியில் தங்கை வாய் திறக்கவில்லை. வாழ்க்கையின் சிக்கலான சாம்பல் நிறத்தை வாசகர் உணர... (இது இலக்கியத் தரமானது. விருதுக்குப் போகும். ஆனால் அவள் வாய் திறந்தாள்.)

நடந்தது இது. நாலு பேர் வந்தார்கள். அவள் எழுந்து கிராஃபைக் காட்டி, பதினொன்று என்றாள், நேற்று ஆறுக்குக் கொண்டுவந்தோம் என்றாள், முந்நூற்றுப் பன்னிரண்டு படிவங்கள் தப்பு என்றாள். குரல் நடுங்கியதா என்று கேட்டேன். "முதல் ரெண்டு விநாடி" என்றாள். ஸ்லைடு சார் தன் பங்கைச் சொன்னார். நெருப்புக் கை ஸ்லைடைத் தாண்டிப் போய்விட்டார். வந்தவர்களில் ஓர் அம்மா "ஆறு எப்ப ரெண்டு ஆகும்?" என்று கேட்டார். "தெரியல மேடம். தேதி சொன்னா அதுவும் ஒரு டிக் மாதிரி ஆயிரும்" என்று இவள் சொல்ல, அந்த அம்மா அதை எழுதிக்கொண்டார். எதற்கு எழுதினார் என்பது தெரியவில்லை. பாராட்டவா, நிராகரிக்கவா? யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள்.

இனி உங்கள் பொறுப்பு. அந்த அம்மா எழுதிக்கொண்ட நோட்டு உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்று என்று தானாக வந்து சொன்னவர்களிடம் வாங்குவீர்களா, இரண்டு என்று புன்னகையோடு சொல்லும் அடுத்த நிறுவனத்திடம் போவீர்களா? வாங்கினால் கதைக்கு நீதி கிடைக்கும். வாங்காவிட்டால் கதைக்கு ஆழம் கிடைக்கும். இரண்டில் எது கிடைத்தாலும் எழுத்தாளனுக்கு லாபம்தான் என்பதால் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். உண்மை, துணிவு, மனசாட்சி ஆகியவை பற்றி இங்கே ஒரு நல்ல வரி வர வேண்டும், அதற்கும் இடம் விட்டிருக்கிறேன்:

_______________________________

ஏழு வாரம் ஆகிவிட்டது. அவர்களிடமிருந்து பதில் வரவில்லை. என் தங்கையின் காண்ட்ராக்டை இன்னும் ஆறு மாதம் நீட்டித்திருக்கிறார்கள்.